என் வேலியில் வந்து நின்ற ஆறு

1990ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சண்டிலிப்பாய்க்கு அருகே ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இது நடந்தது. நேரத்தையும் என்னால் சொல்ல முடியும். முற்பகல் பத்து நாற்பதிலிருந்து பத்து ஐம்பத்தொன்று வரை. இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை எப்போது தொடங்கியது, கிணற்றில் தண்ணீர் எத்தனை முழம், சைக்கிள் ரயருக்கு எப்போது ஒட்டுப் போட்டேன் என்று எல்லாமே அதில் இருக்கும். ஆனால் அந்தப் பதினொரு நிமிடங்களைப் பற்றி அன்று நான் எழுதி வைத்திருப்பது வேறு ஒன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. புவியியல் ஆசிரியர். எங்கள் ஊர் தெல்லிப்பழைக்கு வடக்கே இருந்தது. அந்த ஆண்டு ஆனி மாதம் ஷெல் விழத் தொடங்கியதும் ஊரோடு எழுந்து தெற்கே வந்தோம். முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். நான்கு மாதங்கள் கழித்து வகுப்புகளைத் தொடங்க வேண்டும் என்றார்கள். ஒரு வாத்தியாராக அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. என் குடும்பத்தோடு இன்னும் ஐந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு காணி தேடி அலைந்தேன்.

காணி தந்தது ஒரு பெண். இரண்டு பசுக்கள் வைத்துப் பால் விற்று வாழ்ந்தார். கணவர் வன்னியில் வயல் செய்தார். பாதை திறந்தால் வருவார், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் கடிதமும் வராது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் அக்கா என்றே இங்கும் சொல்கிறேன். மண் சுவர் வைத்து ஓலை வேய்ந்த வீடு, இரண்டு அறை, பின்னால் சமைக்க ஒரு குசினி. வீட்டுக்குப் பின்னே ஏழு பரப்புக் காணி. மேற்குப் பக்கம் பனைகள் நின்ற மேட்டு நிலம். கிழக்குப் பக்கம் பசும்புல் படர்ந்த பள்ளம். வாடகை எதுவும் வேண்டாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நாங்கள் தங்கும் கொட்டில்களைப் பனையடியில் மட்டும் போட வேண்டும், புல் நிலத்தைச் சும்மா விட வேண்டும்.

கொட்டில் விடயத்தில் அவர் சொன்னபடி செய்தேன். ஆறு கொட்டில்களையும் பனையடியில், கயிறு பிடித்து ஒரே நேராகப் போட்டோம். ஆனால் புல் நிலம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "கிழக்குப் பக்கம் வேலி இல்லை. வடக்கே வீட்டுக்காரியின் கோடிப்புறத்திலும் வேலி இல்லை. தெற்கே வயல் வரை திறந்த வெளி. இவ்வூரார் வேலி விடயத்தில் அசட்டையானவர்கள்."

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவன் இதை எழுதியிருக்கிறான் என்பதை இப்போது வாசிக்கும்போது நம்ப முடியவில்லை. எங்கள் நாட்டில் வேலி இல்லாத காணியை யார் கண்டது? ஒரு சாண் நிலத்துக்காக அண்ணன் தம்பி வழக்குப் பேசிய வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று இருந்தன. ஒருவர் நட்ட வேலிக் கதியாலை மற்றவர் இரவோடு இரவாக நகர்த்தினார் என்று இருபது வருடம் முகம் பாராமல் வாழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் இத்தனை பேர் சேர்ந்து ஒரு நீள நிலத்தை மட்டும் வேலி போடாமல் விட்டிருக்கிறார்கள் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். நான் காரணம் கேட்கவில்லை. அசட்டை என்று எழுதிவிட்டு மூடினேன்.

வேலி போட எனக்கும் காரணம் இருந்தது. எங்கள் ஆறு குடும்பங்களிலும் பெண்கள் பதினொரு பேர். பள்ளிக்கூடத்தில் நான்கு மாதங்களாக அவர்கள் பட்டபாட்டை நான் பார்த்தேன். விடியும் முன் எழுந்து குளிப்பார்கள். உடுப்பு மாற்ற நான்கு பேர் சேலை பிடிக்க வேண்டும். என் மூத்த மகள் பதினைந்து வயதில் தலை நிமிர்ந்து நடப்பதையே விட்டிருந்தாள். கிணறு பள்ளத்தின் ஓரத்தில் இருந்தது. அதைச் சுற்றி நான்கு பக்கமும் மறைப்பு வேண்டும். நான்கு பக்கமும் என்றால் நான்கு பக்கமும்தான். அரைகுறையாக ஒன்றைச் செய்வது என் பழக்கம் இல்லை.

ஐப்பசி நடுப்பகுதியில் வேலையைத் தொடங்கினோம். பூவரசங் கதியால் நட்டு, பனையோலை வைத்து, பனைமட்டை வரிச்சுப் பிடித்து இறுக்கினோம். நாயும் கோழியும் நுழையாதபடி வேலியின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மண் அணைத்து, காலால் மிதித்துக் கெட்டியாக்கினேன். வடக்கு எல்லையில், அக்காவின் வீட்டுப் பின்புறமான கோடிப்புறத்துக்கும் எங்கள் காணிக்கும் நடுவே அடைக்கத் தொடங்கியபோது அவர் வந்தார். கையில் பால் போத்தல் இருந்தது.

"மாஸ்ரர், உந்தப் பள்ளத்துக்கு நேரை மட்டும் விடுங்கோ. அது ஆறு வாற வழி."

எனக்குச் சிரிப்பு வந்தது. வழுக்கையாறு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாததல்ல. படத்தில் புள்ளிக் கோடாக இருக்கும். ஆனால் "யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை" என்று பத்தொன்பது வருடங்களாக வகுப்பில் குறிப்புச் சொல்லி எழுதுவித்தவன் நான். ஆறு என்றால் அதற்கு ஊற்று வேண்டும், வருடத்தில் பெரும்பகுதி ஓட்டம் வேண்டும், கழிமுகம் வேண்டும். மாரியில் நாலு கிழமை வெள்ளம் வடிகிற வாய்க்காலை ஆறு என்று சொல்லக் கூடாது. இதையெல்லாம் அவருக்கு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஒரு பாடமாகவே எடுத்தேன். மகாவலியின் நீளத்தையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "சரி மாஸ்ரர். நீங்கள் படிச்சனீங்கள். ஆறு படிக்கேல்லை" என்றார். பிறகு, என் மகள் கிணற்றடியில் நிற்பதைப் பார்த்தார். குமர்ப்பிள்ளைகளுக்கு மறைப்பு வேண்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். அதன் பிறகு இன்னொரு முறை, வேலி முடிந்த அன்று, மழை இறுகினால் அந்த இடத்தை வெட்டி விட வேண்டி வரும் என்று ஞாபகப்படுத்தினார். வரட்டும் பார்ப்போம் என்றேன்.

வேலி முடிந்ததும், ஆறு குடும்பங்களுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று விதிகள் எழுதி முதல் கொட்டிலின் தூணில் ஒட்டினேன். பேப்பர் கிடைக்காத காலம். பழைய பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். கிணற்றில் தண்ணீர் அள்ளும் நேரம், அடுப்பு அணைக்கும் நேரம் என்று ஏழு விதிகள். நான்காவது விதி: வேலியில் என்னைக் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. விறகுத் தட்டுப்பாட்டில் கதியாலைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு.

ஐப்பசி கடைசியில் ஒரு விடயம் பார்த்தேன். எங்களுக்குக் கீழே, வயற்கரையில் இருந்த நாலைந்து வளவுகளில் ஒரே நாளில் ஆட்கள் வேலியை உரித்துக்கொண்டிருந்தார்கள். முழு வேலியையும் அல்ல. பள்ளமான பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஓலையைக் கழற்றி, கதியாலை மட்டும் விட்டார்கள். கழற்றிய ஓலையைச் சுருட்டிக் கட்டி உள்ளே கொண்டுபோனார்கள். மழைக்கு முன் ஓலையைக் காப்பாற்றுகிறார்கள் போலும் என்று நினைத்தேன். அப்படியே குறித்தும் வைத்தேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனி கொடுக்கிறார்கள் என்று மனைவி கூப்பன் மட்டையோடு போய்விட்டார். பத்து மணிக்குச் சற்று முன்பு ஒழுங்கை முகப்பில் ஆட்கள் கூடி நிற்பது தெரிந்தது. என்னவென்று போய்ப் பார்த்தேன். அக்காவின் வளவுக்கு வடக்கே, தெருவின் குறுக்கே ஒரு சின்ன மதகு உண்டு. அதன்மேல் குடையோடும் சாக்கோடும் பதினைந்து இருபது பேர் நின்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி எல்லோரும் ஒரே திசையில், வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் மேலே அளவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் அங்கே ஆறு ஓடத் தொடங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாராம். இப்போது கந்தரோடையிலிருந்து மரக்கறி கட்டிக்கொண்டு வந்த வியாபாரி ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, அங்கே பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணி என்றார். தண்ணீருக்கு முன்னே செய்தி சைக்கிளில் வருகிறது. எனக்கு அது மிகவும் பிடித்தது. குறிப்புக் கொப்பியை எடுத்தேன்.

பத்து இருபத்திரண்டுக்கு வந்தது. நான் நினைத்த மாதிரி ஓடி வரவில்லை. முதலில் புல் நிறம் மாறியது. பிறகு புல்லின் இடையிலே ஏதோ மினுங்கியது. சருகும் எறும்புக் கூட்டமும் வேப்பங்காய்த் தோலும் நுரையுமாக, ஒரு மண்ணிற நாக்கு வளைந்து வளைந்து வந்து மதகின் வாயில் நுழைந்தது. நின்றவர்களில் யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. ஒரு பெண் மட்டும், "இந்த முறை வெள்ளனவா வந்திட்டார்" என்றாள், வீட்டுக்கு வந்த மாமனாரைச் சொல்வது போல. பின்னால் வந்த தண்ணீர் நேரத்துக்கு நேரம் உயர்ந்தது. கால் மணித்தியாலத்தில் மதகின் கீழே சுழித்துக்கொண்டு ஓடியது.

ஓட்டம். என் கண் முன்னாலேயே. பத்தொன்பது வருடங்களாக இல்லையென்று நான் சொல்லிவந்த ஒன்று என் காலடியில் சத்தம் போட்டுக்கொண்டு போனது. எனக்கு வெட்கம் வரவில்லை. அளக்க வேண்டும் என்ற ஆசைதான் வந்தது. மதகிலிருந்து தெற்கே அக்காவின் வளவு முகப்பில் நின்ற தென்னை வரை என் காலால் நாற்பது கவடு. ஒரு பூவரசிலையைக் கிள்ளித் தண்ணீரில் விட்டு, தென்னையடிக்குப் போய்ச்சேர எத்தனை வினாடி என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வேகத்தைக் கணக்கிடலாம். குறுக்களவு தெரிந்தால் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்றுகூடச் சொல்லலாம்.

முதலாவது இலை ஐம்பத்தைந்து வினாடியில் போய்ச்சேர்ந்தது. இரண்டாவது இலைக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று யோசித்தபடி எழுதிக்கொண்டேன். மூன்றாவது இலை பாதி வழியில் நின்றுவிட்டது. புல்லில் சிக்கியிருக்கும் என்று நினைத்து நான்காவதை விட்டேன். அது இருபது கவடு வரை போய், நின்று, ஒருமுறை தன்னைத்தானே சுற்றி, மெதுவாக என்னை நோக்கித் திரும்பி வரத் தொடங்கியது.

நான் கொப்பியில் எழுதினேன்: "ஓட்டம் எதிர்த்திசையில். காரணம்?"

பக்கத்தில் நின்ற மரக்கறி வியாபாரி எட்டிப் பார்த்தார். "மாஸ்ரர், ஆறு திரும்பி வருகுது எண்டா, கீழை ஆரோ மறிச்சுப்போட்டினம்" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. குடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஒழுங்கையால் சுற்றி, எங்கள் படலையைத் திறந்து, கொட்டில்களைக் கடந்து பள்ளத்துக்கு வந்தேன். அங்கே எங்கள் பக்கம் புல் வெறுமனே நனைந்து கிடந்தது. ஒரு சொட்டு ஓட்டம் இல்லை. நான் மிதித்துக் கெட்டியாக்கிய மண் அணையும் அதன்மேல் இறுகிய ஓலையும் சருகும் சேர்ந்து, வடக்கு வேலி ஒரு அணைக்கட்டாகிவிட்டிருந்தது. அதற்கு அப்பால் தண்ணீர் இடுப்பளவு. வேலியின் ஓலை இடுக்குகளால் கம்பி கம்பியாகப் பீறிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம், தண்ணீரில், வேலியைப் பிடித்தபடி அக்கா நின்றார். மற்றக் கையில் கத்தி. பனையோலை வெட்டுகிற நீளக் கத்தி. அவருக்குப் பின்னால் குசினியின் மண் சுவர் அடிப்பக்கம் கறுத்து, ஊறி, வயிறு தள்ளி நின்றது.

"மாஸ்ரர், வந்திட்டியளோ? உங்கடை வேலியை ஒருக்கா வெட்டட்டோ?"

கேட்டார். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் காணியில் நின்று, தன் சுவர் கரைவதை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, என்னிடம் கேட்டார். நான் பதில் சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் அந்தப் பக்கமிருந்து வரிச்சை வெட்ட, நான் இந்தப் பக்கமிருந்து அலவாங்கால் மண்ணைக் கிளறினேன். இரண்டு கதியால்களைத் தண்ணீரே பிடுங்கிக்கொண்டு போனது. நான் விழுந்தேன். என் மேலாக ஓலையும் சருகும் தண்ணீரும் ஒன்றாகப் போயின. தெற்கு வேலியையும் அதுவே திறந்துகொண்டு வயலுக்கு இறங்கியது. எழுந்து பார்த்தபோது அக்காவின் முற்றத்துத் தண்ணீர் கண்முன்னே வடிந்துகொண்டிருந்தது. ஆனால் குசினிச் சுவர் தாங்கவில்லை. ஊறப்போட்ட உழுந்து மாதிரி அடியில் நெகிழ்ந்து, சத்தமே இல்லாமல் உள்ளே உட்கார்ந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்து, புகையில் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயப் பிடிகள் ஆடின. பசுக்களை அவர் காலையிலேயே மேட்டில் கட்டியிருந்தார். ஆற்றைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாதது என் வேலியின் பலம் மட்டும்தான்.

நடந்ததை எங்கள் கொட்டில்காரர் பிறகு சொன்னார்கள். குசினிப் படியில் தண்ணீர் ஏறியதும் அக்கா கத்தியோடு வேலியடிக்கு வந்து கூப்பிட்டிருக்கிறார். எங்களோடு இருந்த தையல்காரப் பெண் கொட்டிலிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாளாம். பத்து நாற்பது. இங்கிருந்தவர்களும் வெட்டச் சொல்லவில்லை. நான்காவது விதி தூணில் இருந்தது. மாஸ்ரரைக் கேட்காமல் எப்படி? நான் மனைவியோடு சங்கக் கடைக்குப் போயிருப்பேன் என்று நினைத்து ஒருவர் அங்கே ஓடியிருக்கிறார். நான் நூற்றைம்பது கவடு தூரத்தில், வீட்டுக்கு மறுபக்கம், மழைச் சத்தத்தில், இலை விட்டுக்கொண்டு நின்றேன். வந்து சேர்ந்தபோது பத்து ஐம்பத்தொன்று.

மழை ஓய்ந்த பிறகு அக்காவிடம் கேட்டேன். கத்தி கையில் இருந்ததே, காணியும் உங்களுடையதுதானே, ஏன் வெட்டவில்லை?

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "காணி என்ரை. வேலி உங்கடை எல்லோ. குமர்ப்பிள்ளையளை வைச்சிருக்கிறியள். ஊர் விட்டு வந்த சனத்தின்ரை வேலியை நான் கேக்காமல் வெட்டினா, நாளைக்கு அதுகள் எந்த முகத்தோடை இஞ்சை இருக்கும்?" என்றார். பிறகு இடிந்த குசினிப் பக்கம் தலையை ஆட்டி, "ஆறு இல்லையெண்டு சொன்னியள். இப்ப அடுப்புக்குள்ளை நிக்குது, போய்ப் பாருங்கோ" என்றார். தையல்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். நான் சிரிக்க இரண்டு நாள் பிடித்தது.

தண்ணீர் வற்றியதும் ஆறு குடும்பமும் சேர்ந்து அந்தச் சுவரைத் திரும்ப எழுப்பினோம். பள்ளத்தில் ஆறு விட்டுப்போன வண்டல் மண்தான் சுவருக்கு நல்லது என்றார் அக்கா. அதைக் கடகத்தில் அள்ளி, வைக்கோல் நறுக்கிப் போட்டு மிதித்தோம். உடைத்ததும் அதே ஆறு, கட்ட மண் கொடுத்ததும் அதே ஆறு. வேலையின்போது அவர் சொன்ன ஒன்று என்னை உலுக்கிவிட்டது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். "உங்கடை பக்கத்துத் தண்ணிதான், மாஸ்ரர். தெல்லிப்பழைக்கு அங்காலை பெய்யிற மழைதான் இஞ்சை வாறது."

எனக்கு ஒரு காட்சி ஞாபகம் வந்தது. சின்ன வயதில், மாரியில் எங்கள் ஊர் வயலில் வரம்பை மேவிய தண்ணீர் தெற்கே வழிந்து போகும். கடதாசிக் கப்பல் விடுவோம். கப்பல் பனங்கூடலுக்குள் மறையும் வரை பார்ப்போம். அதற்கு அப்பால் எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. புவியியல் படித்து, படிப்பித்து, அது எங்கே போகிறது என்று கேட்காமலே நாற்பத்தாறு வயதாகிவிட்டது. எங்கள் ஊருக்கு இனி நாங்கள் போக முடியாது. அங்கிருந்து எங்களைத் தேடி வந்தது ஒன்றே ஒன்று. அதை நான் வேலி போட்டு மறித்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு மாதங்கள் சனி, ஞாயிறுகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஆற்றின் வழியே போனேன். மேலே அளவெட்டி வரைதான் போக விட்டார்கள். ஆற்றின் தலை இராணுவம் இருந்த பக்கத்தில் இருந்தது. அளவெட்டியில் ஒருவர், ஊற்று என்று ஒன்றும் கிடையாது, ஒவ்வொரு குளமாக நிரம்பி நிரம்பி அடுத்ததுக்கு வழிகிறதுதான் ஆறு என்றார். கந்தரோடையில் கொத்துகிற இடமெல்லாம் கறுப்பும் சிவப்புமான பழைய பானை ஓடுகள். அந்த ஓடுகளை வனைந்து புழங்கிய சனம், வேறு இடமெல்லாம் இருக்க, இந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஏன் வந்து குடியிருந்தது என்று அன்றுதான் நினைத்தேன். ஆற்றோரக் கிணறுகளில் பருப்பு சீக்கிரம் அவிகிறது, தேத்தண்ணி நிறம் மாறுவதில்லை என்று பெண்கள் சொன்னார்கள். நாலு கிழமை ஓடுகிற தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, எட்டு மாதம் கிணற்றில் இருக்கிறது. கீழே அராலியில், கடல் நீர் ஏறாதபடி கட்டிய அணையின் பலகைகளைப் பார்த்தேன். எப்போது திறப்பது, எப்போது போடுவது என்று மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கொப்பியில் கேள்விகள் பெருகின. விடைகளைவிடக் கேள்விகள் அதிகமாக இருந்த ஒரே கொப்பி அதுதான்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியதும் பத்தாம் வகுப்பில் பழைய குறிப்பை எடுக்கச் சொன்னேன். "குடாநாட்டில் ஆறுகள் இல்லை" என்ற வரியை எல்லோரும் பேனாவால் வெட்டினார்கள். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று கேட்டார்கள். இப்போதைக்கு இடம் விடுங்கள், எழுதியவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

வேலியை மாற்றிப் போட்டோம். கிணற்றை மேட்டோடு சேர்த்து நிரந்தரமாக அடைத்தோம். பள்ளத்துக்கு நேரே ஆறு தட்டிகள் செய்தேன். கொளுவி வைத்துக் கழற்றக்கூடிய தட்டிகள். ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதினேன். ஐப்பசியில் கழற்றி அக்காவின் வீட்டுக் கூரைக்குக் கீழே அடுக்குவோம். தையில் திரும்ப மாட்டுவோம். முதல் வருடம் நான் கழற்றியபோது வயற்கரை வளவுகளிலும் ஓலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்து மாரி அங்கே இருந்தோம். 1995 ஐப்பசிக் கடைசியில் எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதையும் விட்டு எல்லோரும் தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று அறிவித்தார்கள். விடிந்தபோது ஒழுங்கை நிறையச் சனம். சைக்கிளில் மூட்டை, மூட்டையின் மேல் பிள்ளை. நாங்களும் கட்டியாகிவிட்டது. அக்கா பசுக்களை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு படலைக்கு வந்தார். பிறகு திடீரென்று கயிறுகளை என் மகளின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த வருடம் சண்டைக் கரைச்சலில் நான் தட்டிகளைக் கழற்றியிருக்கவில்லை.

"விடுங்கோ அக்கா, நேரமில்லை. ஆர் இருக்கப்போகினம் இஞ்சை?" என்றேன்.

"நாங்கள் இருக்கமாட்டம். அவர் வருவார்தானே" என்றார், ஆற்றை.

நானும் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஷெல் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கப்படி கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் கூரைக்குக் கீழே இலக்கப்படியே அடுக்கினார். ஆறாவது தட்டியைக் கொடுத்ததும் பள்ளம் வடக்கிலிருந்து தெற்கு வரை, மதகிலிருந்து வயல் வரை, தடை எதுவும் இல்லாமல் திறந்து கிடந்தது. கீழே வயற்கரை வளவுகளைப் பார்த்தேன். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ஆனால் பள்ளத்துப் பக்கம் ஒரு வளவிலும் ஓலை இல்லை. ஒவ்வொருவரும், மூட்டை கட்டும் முன்போ கட்டிய பிறகோ, வந்து உரித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் அது வந்ததா, மதகில் யாரும் இல்லாமல், சைக்கிளில் செய்தி சொல்ல ஆள் இல்லாமல் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. வந்திருக்கும். எங்கள் ஊர் மழையை எடுத்துக்கொண்டு, யாருடைய சுவரையும் தொடாமல் அராலி வரை போயிருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு நாட்குறிப்பு என்னோடுதான் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில், பத்து நாற்பதுக்கும் பத்து ஐம்பத்தொன்றுக்கும் நேரே, மழையில் ஊறிய மையில், நான்கு இலைகளின் நேரமும் தூரமும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றன. அதே நேரத்தில் ஒருவர் கரைந்துகொண்டிருந்த தன் வீட்டுக்கு முன்னால் கத்தியோடு நின்று என் வேலியை வெட்ட என் அனுமதிக்காகக் காத்திருந்தார் என்பதை எங்கே எழுதுவது என்று தெரியாமல், இன்றும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.